கிளீன் அடிக்க ஸ்ட்ராப் கட்டிவிடும் கோச்சிடம் பணம் கட்டாதீர்கள்

பளு தூக்குதல் கற்றுக்கொள்ள ஆறு மாதத்துக்குப் பணம் கட்டி, மூன்றாவது மாதமே இடது மணிக்கட்டில் ஸ்ப்ளின்ட் (கை அசையாமல் வைக்கும் கட்டு) போட்டுக்கொண்டு வீட்டில் உட்கார்ந்தவள் நான். அந்த ஜிம்மின் பெயரையோ கோச்சின் பெயரையோ எழுதப்போவதில்லை. நடந்ததை மட்டும் சொல்கிறேன். புதிதாகச் சேர நினைப்பவர்கள், முக்கியமாகப் பெண்கள், பொறுமையாகப் படியுங்கள்.

எனக்கு வேண்டியிருந்தது ஸ்னாட்ச், கிளீன் அண்ட் ஜெர்க் இரண்டையும் முறையாகக் கற்றுக்கொள்வது. ஸ்னாட்ச் என்றால் பாரை, அதாவது எடை மாட்டும் கம்பியை, தரையிலிருந்து நேராகத் தலைக்கு மேல் தூக்குவது. மற்றதில் முதலில் தோளுக்குக் கொண்டுவருவது கிளீன், அங்கிருந்து தலைக்கு மேல் தள்ளுவது ஜெர்க். போட்டிக்குப் போகும் எண்ணமெல்லாம் இல்லை. தரையில் கிடக்கும் பார் ஒரே இழுப்பில் தலைக்கு மேல் போய் நிற்கிற அந்த அசைவு எனக்கு அவ்வளவு பிடிக்கும். சேரும்போதே இதைச் சொன்னேன். "ஒலிம்பிக் லிஃப்டிங்தானே, நானே தனியா சொல்லித்தரேன். ஆறு மாசத்துக்கு மொத்தமா கட்டிடுங்க" என்றார் கோச். கட்டிவிட்டேன். ரசீதில் 'பெர்சனல் டிரெய்னிங்' என்ற இரண்டு வார்த்தைதான் இருந்தது. எத்தனை வகுப்பு, நடுவில் நின்றால் எவ்வளவு திரும்பக் கிடைக்கும் என்று எதுவும் இல்லை. அதை அன்றே எழுதி வாங்கியிருக்க வேண்டும்.

முதல் நாளே கையில் 20 கிலோ பார். போட்டி விதிப்படி அது ஆண்களுக்கான பார், தடிமன் 28 மில்லிமீட்டர். பெண்களுக்கு 15 கிலோ பார், 25 மில்லிமீட்டர். மூன்று மில்லிமீட்டரில் என்ன வந்துவிடப்போகிறது என்று தோன்றலாம். ஆனால் இந்த லிஃப்ட்களுக்கு ஹூக் கிரிப் வேண்டும். கட்டைவிரலைப் பாரோடு ஒட்டி வைத்து, அதன் மேல் ஆள்காட்டி விரலும் நடுவிரலும் மடங்கிப் பூட்டு மாதிரி பிடிக்க வேண்டும். என் சின்னக் கைக்கு அந்தத் தடிமனில் பூட்டு விழவே இல்லை, பார் வழுக்கிக்கொண்டே இருந்தது. இதைச் சொன்னதும் சுவரில் ஆணியில் தொங்கிய ஸ்ட்ராப் என்ற பட்டையை எடுத்து என் மணிக்கட்டைப் பாரோடு சேர்த்துச் சுற்றிவிட்டார். "இனிமே வழுக்காது" என்றார். அப்போது எனக்குப் பெரிய உதவியாகத்தான் தெரிந்தது.

பாரில் மாட்டும் எடைத் தட்டுதான் பிளேட். அங்கே கீழே போட்டாலும் தாங்கும் ரப்பர் பம்பர் பிளேட் கிடையாது, எல்லாமே இரும்பு. கீழே போட்டால் டைல்ஸ் உடைந்துவிடும் என்பதால் பாரைக் கைவிடவே கூடாது, மெதுவாக இறக்கித்தான் வைக்க வேண்டும் என்று கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். முழு அளவுப் பிளேட்டின் விட்டம் 45 சென்டிமீட்டர். அது மாட்டியிருந்தால் பார் தரையிலிருந்து ஏறக்குறைய 22 சென்டிமீட்டர் உயரத்தில் நிற்கும். அங்கிருந்த சின்ன இரும்புப் பிளேட்டுகளில் பார் கணுக்கால் பக்கத்திலேயே கிடந்தது. முதுகு வளையாமல் என்னால் அதைத் தொடவே முடியவில்லை. இரண்டு கட்டையை வைத்துப் பாரை உயர்த்தியிருந்தாலே போதும், அதுகூடச் செய்யவில்லை.

சொல்லிக்கொடுத்த நுணுக்கம் என்று பார்த்தால், "கையால நல்லா இழுங்க" என்பது மட்டும்தான். அடுத்து எண்ணிக்கை. நேரம் வைத்துப் பதினைந்து ஸ்னாட்ச், அதை முடித்து மூச்சு வாங்கும்போதே இன்னும் பதினைந்து. வியர்வை கொட்டியதால் நானும் முன்னேறுகிறேன் என்று நம்பினேன். அவர் பெரும்பாலும் எதிரே நாற்காலியில் இருப்பார். பார் உடம்பை விட்டு விலகிப் போகிறதா, நெருங்கி ஏறுகிறதா என்பது பக்கவாட்டில் நின்று பார்த்தால்தான் தெரியும். அவர் ஒரு நாள்கூட என் பக்கவாட்டில் வந்து நின்றதில்லை.

அன்றைக்கு 45 கிலோ கிளீன். முந்தைய வாரம் 40 கிலோவே தடுமாறியது, ஆனாலும் ஏற்றினார். பாரைத் தோளில் வாங்க ஸ்குவாட்டில் இறங்கும்போது என் முழங்கைகள் முன்னால் வரத் தாமதமாகிவிட்டது. இடது முழங்கை முட்டியில் மோதி நின்றது. மேலிருந்து வந்த எடை முழுக்க, பின்னால் மடங்கியிருந்த மணிக்கட்டில் இறங்கியது. கையை விட்டிருந்தால் பார் முன்னால் விழுந்து எல்லாம் முடிந்திருக்கும். ஸ்ட்ராப் விடவில்லை. வலியில் என் குரலே வெளியே வரவில்லை. அவர் எழுந்து வந்து முதலில் டைல்ஸைப் பார்த்தார். இதை என்னால் மறக்க முடியவில்லை.

எலும்பு முறியவில்லை, தசைநார் கிழிசல் என்றார் மருத்துவர். ஆறு வாரம் ஸ்ப்ளின்ட், அப்புறம் பிசியோதெரபி.

கை தேறியதும் முன்பு போட்டிகளில் தூக்கிய ஒரு பெண்மணியிடம் போனேன். நடந்ததைக் கேட்டவர், "கிளீனுக்கு ஸ்ட்ராப்பா? யாரும்மா கட்டிவிட்டாங்க?" என்று அதிர்ந்துபோனார். ஸ்னாட்ச் பழகும்போது சிலர் ஸ்ட்ராப் கட்டுவது உண்டு. கிளீனில் முழங்கை பாரைச் சுற்றி வர வேண்டும், தவறினால் கை உடனே விடுபட வேண்டும், அதனால் அங்கே அது ஆபத்து என்று விளக்கினார். போட்டியில் ஸ்ட்ராப்புக்கு அனுமதியே கிடையாது. கிளீனில் முழங்கை தொடையையோ முட்டியையோ தொட்டாலே அந்த லிஃப்ட் செல்லாது என்ற விதியும் எனக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது.

அந்த மேடம் முதலில் கொடுத்தது ஒரு பிளாஸ்டிக் குழாய். அதை வைத்து முதல் பாடமே லிஃப்டைக் கைவிடுவது எப்படி என்பதுதான். பார் முன்னால் விழுந்தால் கையை எடுத்துவிட்டுப் பின்னால் துள்ள வேண்டும், ஸ்னாட்ச் பின்னால் போனால் விட்டுவிட்டு முன்னால் நகர வேண்டும். அது பயமில்லாமல் வரும்வரை அடுத்த பாடம் இல்லை. பிறகு பாரைத் தொடை உயரத்திலிருந்து, முட்டியிலிருந்து, கடைசியாகத் தரையிலிருந்து தூக்கச் சொல்லிக்கொடுத்தார். "கை வெறும் கயிறு, தள்ளுறது கால்தான்" என்பார். காலும் இடுப்பும் நிமிர்ந்து முடிக்கும் முன்பே முழங்கையை மடக்கினால் காலின் பலம் பாருக்குப் போய்ச் சேராது. நான் முன்பு மூன்று மாதம் செய்தது அதைத்தான். அந்தப் பழக்கத்தை அழிக்கவே இரண்டு மாதத்துக்கு மேல் ஆனது. ஒரு செட்டில் இரண்டு அல்லது மூன்று தடவைதான். அசைவு கலைந்தால் அன்றைக்கு எடை இறங்கும்.

ஆகவே பணம் கட்டும் முன் ஒரு மணி நேரம் போய் வேடிக்கை பாருங்கள். பாரைக் கீழே போட விடுகிறார்களா, பெண்களுக்கான பார் இருக்கிறதா, கோச் எங்கே நிற்கிறார் என்று கவனியுங்கள். "லிஃப்ட் தவறினா எப்படி விடுறது, முதல் நாளே சொல்லித்தருவீங்களா?" என்று கேளுங்கள். "அதெல்லாம் பயப்படாதீங்க" என்று பதில் வந்தால் கிளம்பி வந்துவிடுங்கள்.

மீதி மூன்று மாதப் பணத்தை நான் நான்கு முறை கேட்டுவிட்டேன். முதலில் "கை சரியானதும் வாங்க, நாள் நீட்டித்துத் தரேன்" என்றார். பிறகு திரும்பக் கொடுக்கும் வழக்கமே இல்லை என்றார். இப்போது போனை எடுப்பதில்லை. போன வாரம் நேரில் போனேன். பெண்களுக்கென்று தனி பேட்ச் தொடங்குவதாக வாசலில் பலகை வைத்திருக்கிறார்கள். உள்ளே அதே 20 கிலோ பார் கிடக்கிறது. ஸ்ட்ராப்பும் அதே ஆணியில் தொங்குகிறது.