6 வருடம், ஒரே ஏஜென்ட்: கமிஷன் எதற்குப் போகிறது?

முதல் தடவை அவருக்குக் கமிஷன் கொடுத்தபோது மனசு ஒப்பவில்லை. நாலு வாடகை வீடு காட்டினார், இரண்டு போன் பேசினார், இதற்கு இவ்வளவா என்றிருந்தது. அது 6 வருடத்துக்கு முன்னால். அப்புறம் அதே ரியல் எஸ்டேட் ஏஜென்ட் மூலமாகத்தான் வீடு வாங்கினேன், போன வருடம் அதை விற்கவும் செய்தேன்.

வாங்கும்போது எனக்கு ஒரே குறை, அவர் காட்டியது மொத்தம் 7 வீடுதான். மற்றவர்கள் இருபது முப்பது காட்டுகிறார்களே என்று கேட்டால் சிரிப்பார். காரணம் தெரிந்தது விற்கப் போனபோதுதான். அவர் பழைய நோட்டைப் புரட்டிக்கொண்டிருந்தார். என் பெயர் எழுதிய பக்கத்தில் அடித்துவிட்ட வீடுகள் வரிசையாக இருந்தன. 'மூத்த மகன் கையெழுத்து பாக்கி.' 'பத்திரத்தில் ஒரு அளவு, தரையில் ஒரு அளவு.' 'பவர் கொடுத்தவர் இறந்துவிட்டார்.' பவர் என்பது, தன் சார்பில் வீட்டை விற்க இன்னொருவருக்கு எழுதிக் கொடுக்கும் அதிகாரம். சாதாரணமாக எழுதிக் கொடுத்த பவர், கொடுத்தவர் காலமானால் பொதுவாகச் செல்லாது. அதை நம்பிப் பணம் கொடுத்தால் வாரிசுகளிடம்தான் போய் நிற்க வேண்டும். இத்தனை வீட்டையும் எனக்காக அலைந்து பார்த்துக் கழித்திருக்கிறார். ஒரு வார்த்தை சொன்னதில்லை.

வங்கிக் கடனிலும் அப்படித்தான். வங்கியின் மதிப்பீட்டாளர், நாங்கள் பேசி முடித்த விலையை விடக் குறைவாக மதிப்புப் போட்டார். இரண்டில் எது குறைவோ அதை வைத்துத்தான் கடன் என்றதும், மீதியைக் கையிலிருந்து போட வேண்டிய நிலை. ஏஜென்ட்தான் அக்கம்பக்கத்தில் அண்மையில் விற்ற வீடுகளின் விலையைத் திரட்டிக்கொண்டு போய் விற்பவரிடம் பேசி, கொஞ்சம் இறக்கினார். கடன் வர மேலும் 3 வாரம் ஆனது. பதிவு நாளன்று விற்றவர் என்னிடம் சொன்னார்: "வேறு ஆள் ரொக்கத்தோடு வந்தார். இவர்தான் தினமும் ராத்திரி போன் பண்ணி என்னைப் பிடித்து வைத்தார்." எனக்கு அதுவரை ஒன்றும் தெரியாது. கடன் தாமதமாகிறதே என்று அவர் மேல்தான் எரிந்து விழுந்துகொண்டிருந்தேன்.

விற்கும்போது அவர் சொன்ன விலையை நான் ஏற்கவில்லை, அதிகமாக வைத்தேன். 4 மாதம் வீடு அப்படியே கிடந்தது. ரொம்ப நாள் போகாத வீடு என்றால் வருகிறவர்களுக்கே ஒரு சந்தேகம் வந்துவிடுகிறது. அந்த 4 மாதமும் யார் வந்தாலும் அரை மணி நேரம் முன்னால் போய் ஜன்னலைத் திறந்து, பல்பு எரிகிறதா, குழாயில் தண்ணீர் வருகிறதா என்று பார்த்து வைப்பார். வியாபாரம் முடிந்தால்தான் அவருக்குக் காசு. வந்து பார்த்துவிட்டுப் போனவர்களால் அவருக்குப் பெட்ரோல் செலவுதான். கடைசியில் விலையை இறக்கினேன். "நான் அப்போதே சொன்னேனே" என்று அவர் சொல்லவில்லை. நானாக இருந்தால் சொல்லியிருப்பேன்.

குறைகளும் உண்டு. வீடு வாங்கியபோது இரண்டு பக்கமும் கமிஷன் வாங்கியது எனக்குக் கடைசியில்தான் தெரியும். கேட்டதும் ஒப்புக்கொண்டார், ஆனால் முதலிலேயே சொல்லியிருக்க வேண்டும். அப்படி இரண்டு பக்கமும் வாங்குகிறவரை விலை விஷயத்தில் முழுதாக நம்பி இருக்க முடியாது. பத்திரங்களை நான் தனியாக ஒரு வக்கீலிடம் காட்டியது நல்லதாகப் போயிற்று. குளியலறைச் சுவரில் இருந்த நீர்க்கசிவும் அவர் கண்ணில் படவில்லை. அதற்கு ஒரு பொறியாளரைக் கூட்டிப் போயிருக்க வேண்டும்.

பெரிய குறை, கெட்ட செய்தியைத் தானே சரிசெய்துவிடப் பார்த்துத் தள்ளிப்போடுவது. விற்கும்போது ஒருவர் பின்வாங்கியதை 5 நாள் கழித்துத்தான் சொன்னார். அதற்குள், நேராக என்னிடம் வந்த இன்னொருவரை "வீடு முடிந்துவிட்டது" என்று நான் திருப்பி அனுப்பியிருந்தேன். அன்றைக்கு நன்றாகவே சண்டை போட்டோம்.

வீடு விற்று முடிந்ததும் கமிஷனை எண்ணி வைத்தேன், இந்த முறை பேரம் பேசவில்லை. அவர் அதில் கொஞ்சம் எடுத்துத் திருப்பி நீட்டினார். "அந்த 5 நாளுக்கு, சார்" என்றார்.