கம்பத்தில் வருமான வரி, ஜிஎஸ்டி கோர்ஸ்: ஃபீஸ் கட்டும் முன் இதைப் பாருங்கள்

கம்பத்தில் ஒரு கம்ப்யூட்டர் சென்டர் மாடியில் நடக்கும் வருமான வரி, ஜிஎஸ்டி ஃபைலிங் கோர்ஸை முடித்துவிட்டேன். மூன்று மாதம், ஃபீஸ் 12,000 ரூபாய். சென்டர் பெயரைப் போடவில்லை, நம்ம பக்கம் இப்படி எங்கே சேர்வதாக இருந்தாலும் கேட்க வேண்டிய கேள்விகள் இவைதான்.

முதலில் விளம்பர நோட்டீஸ். "அரசு அங்கீகாரம் பெற்ற வரி ஆலோசகர் ஆகுங்கள்" என்று போட்டிருந்தார்கள். அப்படி எதுவும் இல்லை. கடைசியில் கொடுப்பது சென்டரின் சொந்தச் சான்றிதழ், ஃப்ரேம் போட்டு மாட்டலாம், அவ்வளவுதான். ஜிஎஸ்டி பிராக்டிஷனர், அதாவது மற்றவர்களுக்கு ஜிஎஸ்டி ரிட்டர்ன் போட்டுக் கொடுப்பவர், ஆக வேண்டுமென்றால் ஜிஎஸ்டி போர்ட்டலில் பிசிடி-01 படிவத்தில் நீங்களே விண்ணப்பிக்க வேண்டும், பிகாம், சட்டம், பிபிஏ மாதிரி உரிய டிகிரி வேண்டும், அப்புறம் மத்திய அரசின் வரிப் பயிற்சி நிறுவனமான நாசின் நடத்தும் தேர்வில் 50 சதவீதம் எடுக்க வேண்டும். டேக்ஸ் ஆடிட்டில் கையெழுத்துப் போடுவது சிஏ மட்டும்தான். இதையெல்லாம் முதல் நாளே சொல்லிவிட்டால் யாரும் கோபப்படப் போவதில்லை. எங்கள் பேட்ச்சில் பாதிப் பேருக்குக் கடைசி வாரத்தில்தான் தெரிந்தது, பிளஸ் டூவோடு நிறுத்திய ஒரு அக்கா அன்றைக்கு வாயே திறக்கவில்லை.

சரி, நல்லதையும் சொல்ல வேண்டும். பாடம் எடுக்கும் சார் ஆடிட்டர் ஆபீஸில் வருஷக்கணக்காக வேலை பார்த்தவர். போர்டில் எழுதிப் போடும் ரகம் இல்லை, லாகின் பண்ணு, தப்பாகப் போனாலும் பரவாயில்லை என்று கையில் கொடுத்துவிடுவார். மாசம் 20ஆம் தேதி, அதாவது 3பி என்ற மாத ஜிஎஸ்டி ரிட்டர்ன் போட வேண்டிய கடைசி நாள், வகுப்பே நடக்காது, அவருடைய கிளையன்ட் வேலைதான் நடக்கும், ஆனால் நான் அதிகம் கற்றுக்கொண்டது அந்த நாட்களில்தான். ஒரு பக்கம் ஃபோனில் "அண்ணே, ஓடிபி வந்துச்சா, சட்டுன்னு சொல்லுங்க" என்று கத்திக்கொண்டே, இன்னொரு பக்கம் 2பி-யையும் (போர்ட்டல் தானாகக் காட்டும் கொள்முதல் பட்டியல்) கொள்முதல் பில் கட்டையும் எங்களிடம் தள்ளிவிட்டு, எந்த பில் 2பி-யில் ஏறவில்லை என்று டிக் அடிக்கச் சொல்வார். சரக்கு அனுப்பியவர் தன் விற்பனை ரிட்டர்னான ஜிஎஸ்டிஆர்-1ல் அந்த பில்லைக் காட்டாவிட்டால் நம் ஆளுக்கு உள்ளீட்டு வரி (வாங்கும்போது கட்டிய வரிக்கான கழிவு) கிடைக்காது என்பது அந்தக் கட்டைப் புரட்டும்போதுதான் உறைக்கும். சம்பளக்காரர்களின் ரிட்டர்ன் படிவமான ஐடிஆர்-1, கம்பெனி கொடுக்கும் ஃபார்ம் 16-ஐ வரித் துறையிடம் இருக்கும் விவரங்களான ஏஐஎஸ், 26ஏஎஸ்ஸோடு ஒப்பிடுவது இதெல்லாம் பிரமாதமாக எடுத்தார்.

குறை எங்கே என்றால், பாடத்திட்டம் சென்னையில் உட்கார்ந்து எழுதியது. இங்கே காலையில் ஜீப் ஜீப்பாக ஆட்கள் மேலே ஏலத்தோட்டத்துக்குப் போகிறார்கள், குமுளி போனாலே கேரளா, வேறு மாநிலம், ஆனால் பாடத்தில் வாங்குபவரும் விற்பவரும் எப்போதும் 33லேயே, அதாவது ஜிஎஸ்டி எண்ணில் தமிழ்நாட்டுக் குறியீட்டிலேயே, இருக்கிறார்கள். 32க்கு, அதாவது கேரளாவுக்கு, ஒரு பில் போடச் சொல்லித் தரவில்லை. விற்றுமுதல் 40 லட்சத்துக்குள் இருந்தால் ஜிஎஸ்டி வேண்டாம் என்று சொல்லி நகர்ந்துவிட்டார்கள். வரி உள்ள சரக்கைக் குமுளிக் கடைக்கு அனுப்பி விற்றால், விற்றுமுதல் எவ்வளவு சின்னதாக இருந்தாலும் ஜிஎஸ்டி சட்டத்தின் 24ஆம் பிரிவின்படி பதிவு கட்டாயம். காம்போசிஷனில் (சிறு வியாபாரிகள் விற்றுமுதலில் ஒரு சின்ன சதவீதம் மட்டும் கட்டும் திட்டம்) இருப்பவர் அப்படி விற்கவே கூடாது. அதே சமயம் தன் தோட்டத்து ஏலக்காயை விற்கும் விவசாயிக்குப் பதிவு தேவையில்லை, வாங்கி விற்கும் வியாபாரிக்கு 5 சதவீதம் உண்டு, பன்னீர் திராட்சையைப் பழமாகவே விற்றால் வரியே கிடையாது. வெளிமாநில விற்பனைக்கான ஐஜிஎஸ்டி போட வேண்டிய இடத்தில் உள்மாநில விற்பனைக்கான சிஜிஎஸ்டி, எஸ்ஜிஎஸ்டி கட்டிவிட்டால் சரியான தலைப்பில் மறுபடி கட்டிவிட்டு, முன்னால் கட்டியதை ரீஃபண்ட் கேட்க வேண்டும். நம்மூர் கடைக்காரர் வந்து கேட்கப்போவது இதைத்தான்.

விவசாய வருமானம் இன்னும் மோசம். நான் கேட்டதற்கு "அதுக்குத்தான் வரி கிடையாதேம்மா" என்று அடுத்த பக்கத்துக்குப் போய்விட்டார்கள். வரி கிடையாது, சரி. ஆனால் 5,000 ரூபாயைத் தாண்டினால் ஐடிஆர்-1ம் 4ம் போட முடியாது. 5 லட்சத்தைத் தாண்டினால் நிலம் எந்த மாவட்டம், எத்தனை ஏக்கர், சொந்தமா குத்தகையா என்று விவரம் கொடுக்க வேண்டும், நிலம் கேரளாவில் வண்டன்மேட்டில் இருந்தாலும் இதேதான். பெரிய விஷயம் அதற்கப்புறம். விவசாயத்துக்கு வரி இல்லாவிட்டாலும், மற்ற வருமானத்துக்கு வரி கணக்குப் போடும்போது அதையும் சேர்த்துத்தான் பார்ப்பார்கள். மண்டியில் 15 லட்சம் வருமானம், ஏலத்தோட்டத்தில் 5 லட்சம் என்று வைத்துக்கொள்ளுங்கள். புதிய முறையில் 2025-26க்கு, இரண்டையும் கூட்டி 20 லட்சத்துக்கு வரி பார்த்தால் 2,00,000. விவசாயத்தோடு அடிப்படை விலக்கு 4 லட்சத்தைச் சேர்த்து 9 லட்சத்துக்கு வரி 30,000. இதைக் கழித்தால் கட்ட வேண்டியது 1,70,000, செஸ் தனி. தோட்டத்தை மறந்துவிட்டுப் போட்டால் 1,05,000தான் வரும். 65,000 வித்தியாசம். வருமான வரித் துறை நோட்டீஸ் வந்தால் மண்டிக்காரர் சென்டரையா தேடுவார், நம்மைத்தான் தேடுவார்.

தோட்டத்தை விற்பது பற்றியும் பேச்சில்லை. கம்பம் அளவு நகராட்சி என்றால் எல்லையிலிருந்து 2 கிலோமீட்டருக்குள் இருக்கும் விவசாய நிலம் மூலதனச் சொத்து, லாபத்துக்கு வரி உண்டு.

நோட்ஸ் ஸ்பைரல் பைண்டிங், பிரிண்ட் மங்கல். எல்லாம் 1961 சட்டத்துப் பிரிவு எண்கள். 2026 ஏப்ரல் 1 முதல் வருமான வரிச் சட்டம் 2025 வந்துவிட்டது, 536 பிரிவு, எண்களெல்லாம் மாறிவிட்டன, அசெஸ்மென்ட் இயர் போய் டேக்ஸ் இயர். அதற்கு முந்தைய வருமானத்துக்குப் பழைய சட்டம்தான் என்பதால் நோட்ஸ் வீண் என்று சொல்ல மாட்டேன், ஆனால் இரண்டையும் பக்கத்தில் வைத்து ஒரு அட்டவணையாவது கொடுத்திருக்கலாம்.

கணக்கு தெரிந்தவர், பிகாம் முடித்துவிட்டு வீட்டிலிருந்தே பத்து இருபது பேருக்கு ஐடி போட்டுக் கொடுக்க நினைப்பவர் சேரலாம், போர்ட்டல் பயம் போய்விடும். மண்டி, தோட்டக் கணக்குக்காகச் சேர்பவர்கள், பணம் கட்டும் முன் சாரிடம் ஐஜிஎஸ்டி பில்லும், வியாபாரிகள் போடும் ஐடிஆர்-3ல் விவசாய வருமானமும் சொல்லித் தருவாரா என்று நேராகக் கேளுங்கள், தருகிறேன் என்றால் எந்த வாரம் என்றும் கேளுங்கள். ஜூன், ஜூலை பேட்ச் வேண்டாம், சம்பளக்காரர்கள் ஐடி போட வேண்டிய கடைசி நாளான ஜூலை 31 நெருங்க நெருங்க சார் தலை நிமிர மாட்டார். ஃபீஸ் இரண்டு தவணையாகக் கட்டலாம், அவர்களாகச் சொல்ல மாட்டார்கள்.