காலுப்பூர் முதல் ஜும்மா மசூதி வரை: அத்தையோடு ஒரு காலை நடை

அகமதாபாத்தில், மணிநகரில் பதினொரு வருடமாகக் குடியிருக்கிறேன். ரத்தன்போள் கடைகளில் எத்தனையோ புடவை வாங்கியிருக்கிறேன், போள் என்றால் என்ன என்று ஒருநாளும் கேட்டதில்லை. ஊரிலிருந்து அத்தை வந்திருந்தார் என்பதால் போன ஞாயிறு பழைய அகமதாபாத்தைச் சுற்றிக் காட்டும் ஒரு நடைக்குப் பெயர் கொடுத்தேன்.

மாநகராட்சி 1997 முதல் இப்படி ஒரு நடையை நடத்துகிறது. நாங்கள் போனது ஏறக்குறைய அதே பாதையில் கூட்டிப்போகும் ஒரு சிறு தனியார் குழு. ஆளுக்கு 300 ரூபாய். காலை எட்டு மணிக்குக் காலுப்பூர் சுவாமிநாராயணர் கோயிலில் கிளம்பி, இரண்டரை மணி நேரத்தில் ஜும்மா மசூதியில் முடிந்தது. தூரம் என்னவோ இரண்டு கிலோமீட்டர்தான், முக்கால்வாசி நேரம் நின்று பார்ப்பதில் போகிறது.

போள் என்பது ஒரே வாசல் வைத்த தெருக்கூட்டம். ஒரே சாதி, ஒரே தொழில்காரர்கள் சேர்ந்து இருந்து, ராத்திரி கதவைச் சாத்திக்கொள்வார்களாம். உள்ளே பல இடங்களில் பறவைகளுக்குத் தானியம் போட, தூண் மேல் சின்ன மண்டபம் மாதிரி 'சபூத்ரோ' கட்டியிருக்கிறார்கள். லாம்பேஷ்வர் போளில் குஜராத்திக் கவிஞர் தல்பத்ராம் (1820–1898) வாழ்ந்த வீட்டின் முகப்பை மறுபடி கட்டி, அவரை வெண்கலத்தில் உட்கார வைத்திருக்கிறார்கள். அத்தை அவர் பக்கத்தில் போய் உட்கார்ந்து, "இது நம்ம ஊர்த் திண்ணைதாண்டி" என்றார். இங்கே அதற்கு ஓட்லோ என்று பெயர்.

என் மனதில் நிற்பது ஒரு வீட்டு முற்றம். வழிகாட்டிப் பையன் கேட்டதும் அந்த வீட்டு அம்மா தரையில் பதித்த பித்தளை மூடியைத் தூக்கிக் காட்டினார். உள்ளே 'டாங்கா', மழைநீர்த் தொட்டி. குனிந்து பார்த்தால் இருட்டு, முகத்தில் ஜில்லென்ற காற்று, எங்கோ ஆழத்தில் எங்கள் தலைகளின் நிழல். முதல் மழையை விட்டுவிட்டு, கூரை கழுவிய பிறகு வரும் தண்ணீரைத்தான் உள்ளே விடுவார்களாம். சபர்மதி மழையை நம்பிய ஆறு, கோடையில் மணலாகக் கிடக்கும். இப்போது ஆற்றில் தளும்புவது நர்மதைக் கால்வாய்த் தண்ணீர். ஆற்றங்கரையில் 1411-இல் ஊரைக் கட்டியும், ஆற்றை மட்டும் நம்பாமல் வீட்டுக்கு வீடு தண்ணீர் சேர்த்திருக்கிறார்கள். அந்தத் தொட்டிகள் பல இன்று குப்பை கொட்டி மூடிக் கிடக்கின்றன என்று கேட்டபோது வயிறு எரிந்தது.

குறையும் உண்டு. இருபத்திரண்டு பேரை ஒரே கூட்டமாகக் கூட்டிப்போனார்கள். சந்து குறுகல், ஸ்கூட்டர் வந்துகொண்டே இருக்கும், பின்னால் நிற்பவருக்குப் பாதி கேட்காது. நான் இந்தியிலிருந்து அத்தைக்குச் சொல்லி முடிப்பதற்குள் முன்வரிசை அடுத்த போளுக்குப் போய்விடும். பத்துப் பேருக்கு மேல் சேர்க்கவே கூடாது. வழியில் கழிப்பறையும் இல்லை, வயதானவர்களோடு போனால் கோயிலிலேயே போய்விட்டு வாருங்கள்.

மாணெக் சௌக் சந்தையில் காலையில் பசுவுக்குப் புல் விற்கிறார்கள். அத்தை ஒரு கட்டு வாங்கிப் போட்டார். அப்புறம் மசூதி முற்றத்தில் நிழல் பார்த்து உட்கார்ந்தவர், அரை மணி நேரம் எழுந்திருக்கவே இல்லை.