பாதுகாப்பியல் எம்.ஏ.: அரசுப் பணிக்காகச் சேர்பவர்கள் அறிய வேண்டியவை

சென்னையில் ஒரு தனியார் கல்லூரியில் பாதுகாப்பு மற்றும் உத்திசார் ஆய்வுகள் பாடத்தில் இரண்டு ஆண்டு எம்.ஏ. முடித்திருக்கிறேன். பாடம் நடத்தப்பட்ட விதத்தில் எனக்கு முழு நிறைவு. சேர்க்கையின்போது தரப்பட்ட ஒரு வாக்குறுதியில்தான் ஆறாத வருத்தம்.

முதல் பருவத்தில் ஒரு சனிக்கிழமை விடியற்காலையில் எங்கள் ஆசிரியை எங்களைக் காசிமேடு மீன்பிடித் துறைமுகத்துக்கு அழைத்துச் சென்றார். விசைப்படகு ஓட்டும் அண்ணன் ஒருவர், உப்புநீர் படாதபடி பாலித்தீன் உறையில் சுற்றி வைத்திருந்த தம் பயோமெட்ரிக் அடையாள அட்டையை எடுத்துக் காட்டினார். 2008 நவம்பரில் மும்பையைத் தாக்கியவர்கள் குபேர் என்ற மீன்பிடிப் படகைக் கைப்பற்றி வந்ததற்குப் பிறகே கடலோர மீனவர்களுக்கு இத்தகைய அட்டைகள் வழங்கப்பட்டன என்பதை அந்த அண்ணனின் விசைப்படகருகே நின்று கேட்டபோது, தேசப் பாதுகாப்பு என்பது டெல்லியில் மட்டும் நடக்கும் காரியமல்ல என்று விளங்கியது. கார்கில் போருக்குப் பின் 1999இல் பாதுகாப்புத் துறை வல்லுநர் கே. சுப்பிரமணியம் தலைமையில், அந்தப் போரை ஆராய அமைந்த குழுவைப் பற்றிய வகுப்புகளும் இதே தரத்தில் இருந்தன. ஓய்வுபெற்ற கடற்படை அதிகாரி ஒருவர் நான் எழுதிய பன்னிரண்டு பக்கக் கட்டுரையை இரண்டே பக்கமாகச் சுருக்கி வரச் சொல்லி, அதையும் மூன்று முறை திருப்பிக் கொடுத்தார். அலுவலகக் குறிப்பு எழுதும் பழக்கம் எனக்கு அவரால் வந்ததுதான்.

இனி அந்த வாக்குறுதி. இந்தப் பட்டம் இருந்தால் உளவுத்துறையிலும் மத்தியப் படைகளிலும் முன்னுரிமை கிடைக்கும் என்று சேர்க்கைப் பிரிவில் கூறினார்கள். உண்மையில் உளவுத்துறையின் ஏசிஐஓ (உதவி மத்திய உளவு அதிகாரி) பணிக்கும், சிஆர்பிஎஃப், பிஎஸ்எஃப் போன்ற மத்திய ஆயுதக் காவல் படைகளில் அதிகாரியாகச் சேர எழுதும் உதவி கமாண்டன்ட் தேர்வுக்கும், பரங்கிமலை ராணுவ அதிகாரிகள் பயிற்சி அகாடமிக்கான சிடிஎஸ் (ஒருங்கிணைந்த பாதுகாப்புப் பணிகள்) தேர்வுக்கும் ஏதேனும் ஓர் இளங்கலைப் பட்டம் போதுமானது. குடிமைப் பணித் தேர்வின் விருப்பப் பாடப் பட்டியலில் பாதுகாப்பியல் இல்லவே இல்லை. பொது அறிவு மூன்றாம் தாளில் வரும் உள்நாட்டுப் பாதுகாப்புப் பகுதிக்குத்தான் இப்படிப்பு நேரடியாகக் கைகொடுக்கிறது. பட்டத்தையே தகுதியாகக் கேட்கும் வழி உதவிப் பேராசிரியர் பணிக்கான நெட் என்னும் தேசியத் தகுதித் தேர்வு. அதில் இது தனிப் பாடமாகவே இருக்கிறது.

வயதுக் கணக்குதான் என்னை மிகவும் உறுத்துகிறது. உதவி கமாண்டன்ட் தேர்வுக்குப் பொதுப் பிரிவினருக்கு உச்ச வரம்பு 25; இதர பிற்படுத்தப்பட்டோருக்கு மூன்று ஆண்டும் பட்டியல் வகுப்பினருக்கு ஐந்து ஆண்டும் தளர்வு உண்டு. 21 வயதில் இளங்கலை முடித்து எம்.ஏ.யில் சேர்பவர், படித்து முடித்த பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்றிருந்தால் கையிலிருக்கும் வாய்ப்புகளில் பாதி போய்விடும். இதை எங்களுக்கு யாருமே சொல்லவில்லை.

என் சித்தப்பா மகன் இந்த ஆண்டு அதே படிப்பில் சேர்கிறான். நான் தடுக்கவில்லை, முதல் பருவத் தேர்வுக்குப் பணம் கட்டும் முன்பே உதவி கமாண்டன்ட் தேர்வுக்கான தயாரிப்பையும் தொடங்கிவிட வேண்டும் என்று மட்டும் சொல்லியிருக்கிறேன்.