பத்மினிக்கு எந்தப் பெட்ரோல் ஹோஸ்?

பழைய பிரீமியர் பத்மினி காரின் அடியில் டேங்கிலிருந்து எஞ்சின் வரை ஓடும் உலோகக் குழாய் துருப்பிடிக்காத வரை அது பாட்டுக்கு உழைக்கும். தொல்லை கொடுப்பது அதன் முனைகளில் மாட்டியிருக்கும் ரப்பர் துண்டுகள்தான். பானெட்டுக்குள் இருப்பவை கண்ணில் பட்டுக்கொண்டே இருக்கும். டேங்க் பக்கத்துத் துண்டை யார் குனிந்து பார்க்கிறார்கள்? போன வருடம் என் வண்டியில் எல்லாவற்றையும் மாற்றினேன். சாதா நைட்ரைல் ரப்பர், பி.வி.சி., எஃகுப் பின்னல் போட்டது, ஆர்9 என்று நான்கும் கடையில் முன்னால் வந்தன. நான் போட்டது ஆர்9.

கண்ணாடி மாதிரி தெரியும் பி.வி.சி. டியூபை முதலிலேயே ஒதுக்கிவிடலாம். பெட்ரோல் ஓடுவது தெரிகிறது என்பதைத் தவிர அதில் வேறு நன்மை இல்லை. சீக்கிரம் மஞ்சளாகி, விறைத்து, ஹோஸ் மாட்டும் குழாய் முனையான நிப்பிளில் பிடிமானம் இழந்துவிடும்.

சாதா நைட்ரைல், சென்னை ஜி.பி. ரோட்டு உதிரிபாகக் கடைகளில் ‘பெட்ரோல் டியூப்’ என்று கேட்டால் சுருளிலிருந்து அளந்து வெட்டித் தருவார்களே, அதுதான். விலை குறைவு, நன்றாக வளையும், எந்த மெக்கானிக்கும் மாட்டிவிடுவார். பழைய பெட்ரோலுக்கு அது போதுமானதாகத்தான் இருந்தது. இப்போது பங்கில் வருவது 20 சதவீதம் எத்தனால் கலந்த இ20. எத்தனால் பட்டால் சாதா ரப்பர் முதலில் உப்பும், இளகும்; வண்டி நாள்கணக்கில் நின்று உள்ளே காய்ந்தால் விறைத்து வெடிக்கும். பழைய கார்கள் ஓடுவதைவிட நிற்பதுதான் அதிகம் என்பதால் இரண்டாவது கேடு நமக்கே வாய்த்தது. கழற்றிய துண்டின் உள்சுவரில் விரலை விட்டுத் திருப்பினேன். கரி பூசினாற்போல் கறுத்து வந்தது. ஃபில்டரில் தங்கும் கறுப்புத் துகள்களும் இதிலிருந்து வந்தவையாக இருக்கலாம்.

எதைப் போட்டாலும் என்றோ ஒருநாள் கெடத்தான் போகிறது. கெட்டால் நமக்குத் தெரியுமா என்பதைத்தான் நான் முக்கியமாகப் பார்த்தேன். பத்மினியில் பம்ப் எஞ்சினோடு இருக்கிறது. டேங்கிலிருந்து பெட்ரோலை உறிஞ்சி இழுக்கிறது. அதனால் பின்பக்க ஹோஸில் மயிரிழை வெடிப்பு விழுந்தால், வண்டி ஓடும்போது பெட்ரோல் வெளியே சொட்டாது, காற்று உள்ளே போகும். வண்டி நகராமல் எஞ்சின் மட்டும் ஓடும் ஐடிலில் எல்லாம் சரியாக இருக்கும். மேம்பாலம் ஏறும்போது மூச்சு வாங்கும். உடனே கார்புரேட்டரைக் கழுவுவார்கள், பம்ப் கிட் மாற்றுவார்கள், அப்புறமும் அதே கதை. நிறுத்தி வைத்த வண்டியில், டேங்க் நிரம்பியிருக்கும்போது மட்டும் லேசாகப் பெட்ரோல் வாடை வரும். அதுதான் துப்பு.

இந்தக் கணக்கில்தான் எஃகுப் பின்னல் ஹோஸ் என் மனதிலிருந்து இறங்கியது. பார்க்கக் கம்பீரமாக இருக்கும், மறுப்பதற்கில்லை. ஆனால் மலிவானவற்றில் பின்னலுக்குள் இருப்பது அதே சாதா ரப்பர். அது வெடித்தாலும் வெளியே தெரியாது, கையால் அமுக்கியும் பார்க்க முடியாது. போதாததற்கு, உரசும் இடத்தில் பெயின்ட்டையும் பக்கத்து வயரையும் அரம் மாதிரி ராவிவிடும். உள்ளே டெஃப்லான் வைத்த உயர்ந்த ரகம் வேறு; அதை நான் பயன்படுத்தியதில்லை.

ஆர்9, பெட்ரோலை அழுத்தத்தோடு பீய்ச்சும் இன்ஜெக்‌ஷன் வண்டிகளுக்கான ஹோஸ். அது தாங்கும் அழுத்தம் சுமார் 100 பிஎஸ்ஐ. நம் பம்ப் தருவது நான்கைந்து பிஎஸ்ஐயைத் தாண்டாது. அழுத்தத்துக்காக நான் அதை வாங்கவில்லை, உள்ளே இருக்கும் ஃப்ளூரோ ரப்பர் அடுக்குக்காகத்தான் வாங்கினேன். எத்தனால் அதை எளிதில் அசைக்காது, பெட்ரோல் ஆவி கசிவதும் குறைவு. வெட்டிய முனையைப் பார்த்தால் அந்த மெல்லிய அடுக்கு தனியாகத் தெரியும், ஹோஸின் மேலே எஸ்.ஏ.இ. ஜே30 ஆர்9 என்று தரக் குறியீடு அச்சிட்டிருக்க வேண்டும். அச்சு இல்லாததைக் கடைக்காரர் எவ்வளவு சத்தியம் செய்தாலும் வாங்காதீர்கள். வெளிப்புறம் வெறும் ரப்பர்தான் என்பதால் வளைத்து, அமுக்கிச் சோதிக்கலாம். விலை சாதா டியூபைப்போலப் பல மடங்கு. ஆனால் தேவைப்படுவது சில அடிதானே.

குறையும் உண்டு. சுவர் தடிமன் என்பதால் சட்டென்று வளையாது, பழைய கிளிப்புகள் சுற்றிவராது. கிளாம்ப் வாங்கும்போது பட்டையில் துளை இல்லாததாகப் பாருங்கள். துளை உள்ளது ரப்பரைக் கடிக்கும். என்னுடையது எத்தனை வருடம் தாங்கும் என்று சொல்லுமளவுக்கு இன்னும் ஓடவில்லை. அதனால் வருடம் ஒருமுறை சர்வீஸோடு சேர்த்துப் பார்ப்பதாக இருக்கிறேன்.

மாற்றுவதற்கு முன் பேட்டரியைக் கழற்றிவிட்டு, டேங்கைக் காலி செய்துவிடுங்கள். ஒட்டிப்போன பழைய ஹோஸை இழுக்காதீர்கள். நிப்பிள் பற்றவைத்த இடத்தில் விரிசல் விட்டால் டேங்கையே இறக்க வேண்டிவரும். பிளேடால் நீளவாக்கில் கீறினால் தானே கழன்றுவரும். பெட்ரோல் ஊற்றும் வாய்க்கும் டேங்குக்கும் நடுவே உள்ள பெரிய ரப்பரையும் அப்போதே பார்த்துவிடுங்கள். அங்கே அளவு சரியாக இருக்கிறதே என்று ரேடியேட்டர் ஹோஸை வெட்டி மாட்டுகிறார்கள். அது தண்ணீருக்கான ரப்பர், பெட்ரோல் பட்டால் ஊறிப்போகும்.