கொடுப்பு வலியும் ஒரு கேள்வியும்

யாழ்ப்பாணத்துக்கு வந்திருந்தபோது, நல்லூர்த் திருவிழாவில் வாங்கிய கச்சானை (நிலக்கடலையை) மென்றுகொண்டிருக்கும்போதே வலது தாடை இறுகிவிட்டது. வாயை ஒரு விரல் அளவுக்கு மேல் திறக்க முடியவில்லை.

மறுநாள் ஒரு தனியார் கிளினிக்கில் இரண்டு மணி நேரம் காத்திருந்தேன். உள்ளே இருந்தது நான்கு நிமிடம். "கடைசிக் கொடுப்புப் பல்லைப் பிடுங்கிவிடுவோம்" என்றார் வைத்தியர். எக்ஸ்ரே இல்லை, காதுக்கு முன்னால் உள்ள மூட்டில் விரல் வைத்துக்கூடப் பார்க்கவில்லை. அந்தக் கோபம் எனக்கு இன்னும் ஆறவில்லை. கனடாவில் நான் இருக்கும் ஸ்காபரோவில் என்றால் ஆறு பக்கப் படிவத்தை நிரப்பிய பிறகுதான் வாயைத் திறக்கச் சொல்வார்கள். ஆனால் அந்த ஆறு பக்கத்திலும் இல்லாத ஒரு கேள்வியை அன்று பின்னேரம் அக்கா கூட்டிப்போன இடத்தில் கேட்டார்கள்.

அறுபதைத் தாண்டிய பல் வைத்தியர் அம்மா. வீட்டின் முன்னறைதான் கிளினிக். கன்னங்களை அழுத்திப் பிடித்துப் பல்லைக் கடிக்கச் சொன்னார். மெல்லும் தசை கல்லாகத் திரண்டது. நாக்கின் ஓரமெல்லாம் பல் பதிந்த தடம். கொடுப்புப் பற்களின் மேடுகள் தேய்ந்து தட்டையாகியிருந்தன. கையுறையைக் கழற்றிவிட்டு, "தம்பி, 95 ஐப்பசியில் எங்கே இருந்தீர்கள்?" என்றார்.

எனக்கு அப்போது 17 வயது. 1995 ஒக்டோபர் 30 இரவு, மழையில், போருக்குப் பயந்து யாழ்ப்பாணத்தின் வலிகாமப் பகுதியே நாவற்குழிப் பாலத்தை நோக்கி எழுந்து நடந்தது. அம்மம்மாவைச் சைக்கிளில் இருத்தி உருட்டினேன். அடி அடியாகத்தான் நகர முடிந்தது. ஷெல் சத்தம் கேட்கும்போதெல்லாம் பல்லை இறுக்கிக்கொண்டேன். வைத்தியர் அம்மாவும் அதே நெரிசலில் நடந்தவர்.

ஆபத்து தீர்ந்த பிறகும் உடம்பு காவலிலேயே நிற்குமாம். தூக்கம் ஆழமாகாமல் மேலெழும் கணங்களில் தாடைத் தசை தானாக இறுகும். மனவடு உள்ளவர்களிடம் தாடை வலியும் பல்லைக் கடித்து அரைக்கும் நெறுமுதலும் கூடுதலாகக் காணப்படுகின்றன என்றார். எல்லாவற்றுக்கும் போரே காரணம் என்று அவர் சொல்லவில்லை. கோப்பி, மது, மனச்சோர்வுக்கான சில மாத்திரைகள், தூக்கத்தில் மூச்சுத் தடைப்படுவது எல்லாவற்றையும் விசாரித்தார். ரொறன்ரோவில் 600 டொலர் கொடுத்துச் செய்த, இரவில் போடும் பல் உறையைக் காட்டினேன். "இது பல்லைத் தேயவிடாமல் காக்கும், நெறுமுவதை நிறுத்தாது." உதடு மூடியிருந்தாலும் பற்கள் தொடக்கூடாது, சூட்டு ஒத்தடம் போட வேண்டும், மனநல வைத்தியரையும் பார்க்க வேண்டும் என்று எழுதித் தந்தார்.

அந்தத் துண்டோடு போன இடத்தில்தான் மனம் நொந்தேன். நிறைந்திருந்த மண்டபத்தில் ஊழியர் என் பெயரைச் சொல்லி, "மனநோய்ப் பிரிவு" என்று உரக்கக் கூவினார். இரண்டு பேர் எழுந்து தள்ளி உட்கார்ந்தார்கள். கனடாவில் பெயரைக்கூட மெதுவாகத்தான் கூப்பிடுவார்கள். கேள்வி கேட்கத் தெரிந்த ஊரில் பதில் சொல்ல ஒரு தனி அறை இல்லாதது எனக்குத் தாங்கவில்லை.

அன்றிரவு தூக்கம் வரவில்லை. பக்கத்து அறையில் நறநறவென்று சத்தம். அக்கா. சைக்கிளுக்குப் பின்னால் அன்று பெட்டியைச் சுமந்து வந்தவள். காலையில் கேட்டபோது, "சின்ன வயதிலிருந்தே இருக்கிறது. வயிற்றில் பூச்சி என்று அம்மம்மா மருந்து தந்தவ" என்றாள். சின்ன வயதில் அவள் நெறுமி நான் கேட்டதில்லை. ஒரே பாயில் படுத்தவர்கள் நாங்கள்.

பயணத்தை ஒரு வாரம் தள்ளிப்போட்டேன். அடுத்த செவ்வாய்க்கிழமை வைத்தியரைப் பார்க்க அக்காவின் வரிசை இலக்கம் 27.