வன்னி வெக்கையில் மல்டிகிரேட் தாள்

கிளிநொச்சியில் வீட்டு அறையொன்றை இருட்டாக்கிக் கறுப்பு வெள்ளைப் படம் கழுவுவோருக்கு, இல்போர்ட் நிறுவனத்தின் மல்டிகிரேட் ஆர்.சி. டீலக்ஸ் (பிளாஸ்டிக் பூசிய) படத்தாளையும், தாளில் படத்தை வெளிக்கொணரும் திரவமான மல்டிகிரேட் டெவலப்பரையும் தயங்காமல் பரிந்துரைப்பேன். ஒரே பெட்டித் தாளில் 00 முதல் 5 வரையான பில்டர்களால் (ஒளியை மாற்றும் நிறத் தகடுகள்) கொன்ட்ராஸ்டை, அதாவது கருமைக்கும் வெண்மைக்கும் இடையிலான வேறுபாட்டை, கூட்டவும் குறைக்கவும் முடிவது, தாள் எளிதில் கிடைக்காத எமக்குப் பெரிய வசதி.

சிக்கல் வெப்பத்தில்தான் இருக்கிறது. ஒரு பங்கு டெவலப்பருக்கு ஒன்பது பங்கு நீர் சேர்த்த 1+9 கலவையில், 20 பாகை செல்சியஸில் தாள் 60 வினாடி கிடக்க வேண்டும் என்பது தயாரிப்பாளரின் கணக்கு. பங்குனி, சித்திரையில் எங்கள் கிணற்றுநீரே அதைவிடப் பல பாகை கூடியிருப்பதால் படம் மளமளவென்று கறுக்க, பலர் பயந்துபோய்ப் பாதியிலேயே தாளை எடுத்துவிடுகிறார்கள். அப்போது கருமை சாம்பல் பூத்துத் திட்டுத்திட்டாக நிற்கும். டெவலப்பர் தட்டைப் பனிக்கட்டி நீருள்ள பெரிய தட்டில் வைத்துக் குளிர்வித்து, தாளை முழு நேரமும் உள்ளே விடுங்கள். கருமை மிஞ்சினால், நெகட்டிவைத் தாளில் பெரிதாக்கி விழுத்தும் என்லார்ஜரின் ஒளியைத்தான் குறைக்க வேண்டும். டெவலப்பர் நேரத்தில் கை வைக்கவே கூடாது.

வெள்ளை ஓரங்கள் மங்கினால் முதலில் இருட்டறையில் எரியும் சிவப்பு மின்குமிழைச் சந்தேகியுங்கள். இலேசாகச் சாம்பலாகும் அளவுக்கு ஒளியூட்டிய தாளில் நாணயமொன்றை வைத்து, அந்த விளக்கின் கீழ் 5 நிமிடம் விட்டுக் கழுவினால், குமிழ் பழுதென்றால் நாணயத்தின் வட்டம் வெளிறித் தெரியும். கடைகளில் கிடைக்கும் சாதாரணச் சிவப்புக் குமிழ்களில் சில இதில் தேறுவதில்லை. இந்தச் சோதனையில் வட்டம் தெரியாதபோதும் படங்களின் வெள்ளை ஓரங்கள் மங்கினால், பெட்டி வெக்கையில் கிடந்து பழுதாகியிருக்கக் கூடும். தாளைக் குளிர்சாதனப் பெட்டியில் வைத்து, அறையின் சூட்டுக்கு வந்த பின்பே உறையைத் திறவுங்கள்.